முதலில் சரிசெய்தல், பிறகு சேர்த்தல்: தொலைதூரப் பயண பைக்கை வைத்திருப்போருக்கு ஒரு கையேடு

தொலைதூரப் பயணத்துக்கென்று பைக் வாங்கியவர்களில் பலர் முதல் மாதத்திலேயே பெட்டி, கூடுதல் விளக்கு, உயரமான விண்ட்ஸ்கிரீன், கிராஷ் கார்டு என்று வாங்கிக் குவித்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். அன்று வாங்கியவற்றில் பாதி இப்போது அலமாரியில் கிடக்கிறது. வண்டியில் நாம் பொருத்தும் ஒவ்வொரு பொருளும் எடையைக் கூட்டுவதோடு, புதிதாக நான்கு போல்ட்டுகளையோ இரண்டு வயர்களையோ உடன் கொண்டுவருகிறது. அவற்றை அதற்குப் பிறகு கவனித்துக்கொள்ள வேண்டியதும் நாம்தான். எனவே, இந்தப் பொழுதுபோக்கில் புதிதாக இறங்குபவர் முதல் 2000 கி.மீ. தூரத்தை எதையும் சேர்க்காமல் ஓட்டிப் பார்ப்பது நல்லது என்பேன்.

அந்தத் தூரத்தை வெறுமனே ஓட்டிக் கழிக்க வேண்டியதில்லை. ஒரு சிறிய நோட்டுப் புத்தகத்தை எடுத்து, தேதி, ஓடிய தூரம், டயரின் காற்றழுத்தம், உடலில் எங்கே எப்போது வலித்தது என்பதை எழுதிவாருங்கள். "இரண்டு மணி நேரத்துக்குப் பின் வலது உள்ளங்கை மரத்துப்போகிறது, பிரேக் பிடிக்கும்போதெல்லாம் சீட்டில் முன்னோக்கி வழுக்குகிறேன்" என்று எழுதிய ஒரு வரி, ஒரு பட்டியல் நிறையப் பொருட்களை வாங்கவிடாமல் என்னைத் தடுத்திருக்கிறது. வண்டியோடு வந்த உரிமையாளர் கையேட்டையும், கிடைத்தால் அந்த மாடலுக்கான சர்வீஸ் கையேட்டையும் அருகில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரையில் நான் தரும் அளவுகள் பொதுவானவை. உங்கள் கையேடு வேறு அளவைச் சொன்னால் கையேட்டின் அளவையே பின்பற்றுங்கள்.

செலவில்லாத மாற்றங்கள்

வண்டி நம் உடலைத் தொடுவது மூன்று இடங்களில்தான்: ஹேண்டில்பார், சீட், கால்மிதி. கை மரத்துப்போவதற்குப் பெரும்பாலும் கிரிப்பின் மீது பழி விழுகிறது. உண்மையில் லீவர்கள் மிக மேலே தூக்கியிருப்பதால் மணிக்கட்டு மடங்கியபடி இருப்பதே பல வண்டிகளில் காரணம். சீட்டில் உட்கார்ந்து கையை நேராக நீட்டும்போது முன்கையும் விரல்களும் ஒரே கோட்டில் லீவரைத் தொட வேண்டும். கிளட்ச், பிரேக் லீவர்களின் கவ்விகளில் உள்ள போல்ட்டுகளைச் சற்றே தளர்த்தி, லீவரைக் கீழே திருப்பி, மீண்டும் இறுக்குவதற்குப் பத்து நிமிடம் போதும். கியர் லீவரையும் பின்பிரேக் மிதியையும் உங்கள் ஷூவின் தடிமனுக்கேற்ப ஏற்றி இறக்கலாம்.

இவ்வளவும் செய்த பிறகும் முதுகு வளைகிறது என்றால், ஹேண்டில்பாரை உயர்த்தும் ரைசரை யோசிக்கலாம். இருபது மில்லிமீட்டர் உயர்த்துவதுகூட உடலுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் உயர்த்தியபின் ஒரு சோதனையை எந்தக் காரணத்துக்காகவும் தவிர்க்கக் கூடாது. வண்டியை நியூட்ரலில் வைத்து இன்ஜினை ஐடிலிங்கில் ஓடவிட்டு, ஹேண்டில்பாரை இடது எல்லைவரையும் வலது எல்லைவரையும் மெதுவாகத் திருப்புங்கள். எங்காவது இன்ஜின் வேகம் தானாகக் கூடினால், ஆக்ஸிலரேட்டர் கேபிள் நீளம் போதாமல் இழுபடுகிறது என்று பொருள். பிரேக் ஹோஸும் அதே போல விறைத்து நிற்கிறதா என்று பாருங்கள். விறைத்து நின்றால், நீளமான ஹோஸைப் போடும்வரை பழைய உயரத்துக்கே திரும்பிவிட வேண்டும்.

சஸ்பென்ஷன் இதைவிடவும் கவனிக்கப்படாத இடம். ஷாக் அப்சார்பரின் ஸ்பிரிங் முன்னழுத்தத்தை, அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கிவைக்கும் அளவை, தொழிற்சாலை ஏதோ ஒரு சராசரி மனிதருக்காக வைத்து அனுப்புகிறது. பெட்டிகளும் பின்னால் ஒருவரும் ஏறியதும் அந்தக் கணக்கு பொருந்தாது. அளப்பது எளிது. பின்சக்கரம் தரையைத் தொடாதபடி தூக்கி, சக்கர அச்சிலிருந்து அதற்கு நேர் மேலே சீட்டின் ஓரத்தில் ஒட்டிய ஒரு டேப் துண்டுவரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு பயணத்தில் இருப்பது போலவே சாமான்களை ஏற்றி, நீங்களும் உடையும் ஹெல்மெட்டுமாக உட்கார்ந்து, வேறொருவரை அதே இரண்டு புள்ளிகளுக்கிடையே அளக்கச் சொல்லுங்கள். முதல் அளவு 600 மி.மீ., இரண்டாவது 555 மி.மீ. என்றால் வண்டி 45 மி.மீ. இறங்கியிருக்கிறது. பின்சக்கரத்தின் மொத்த அசைவு 150 மி.மீ. என்றால் இது முப்பது சதவீதம். சாலைப் பயணத்துக்கு இந்த அளவு பொருத்தமானது. நாற்பது சதவீதத்தைத் தாண்டினால் முன்னழுத்தத்தைக் கூட்ட வேண்டும். முழுவதும் கூட்டியும் குறையவில்லை என்றால்தான் கனமான ஸ்பிரிங் தேவை. பின்பக்கம் தாழ்ந்தால் முகப்பு விளக்கின் ஒளி மேலே தூக்கி எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும் என்பதால், சாமான் ஏற்றிய நிலையில் விளக்கின் கோணத்தையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

டயர்

காற்றழுத்தத்தை டயர் குளிர்ந்திருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். ஓட்டி வந்த சூட்டில் அழுத்தம் கூடித்தான் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடுபவர், மறுநாள் காலை குறைந்த அழுத்தத்தோடு கிளம்புவார். வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் மாறினால் அழுத்தம் ஏறத்தாழ ஒன்றரை பி.எஸ்.ஐ. மாறுகிறது என்பதால், மலையேறும் பயணங்களில் ஒவ்வொரு காலையும் பார்ப்பது வீண் வேலையாகாது. பெரும்பாலான வண்டிகளில் தனியாக ஓட்டுவதற்கு ஓர் அளவும், பாரத்தோடு ஓட்டுவதற்கு ஓர் அளவும் ஸ்டிக்கரில் அச்சிட்டிருக்கும்.

டயரின் பக்கச்சுவரில், டாட் (DOT) என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் முடிவில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 1424 என்றிருந்தால் அது 2024ஆம் ஆண்டின் 14ஆவது வாரத்தில் தயாரான டயர். நெடுஞ்சாலையிலேயே ஓடும் பயண வண்டியின் பின்டயர் நடுவில் மட்டும் தேய்ந்து தட்டையாகிவிடும். ஓரங்களில் பள்ளம் நன்றாக இருப்பதைப் பார்த்து ஏமாறாமல், நடுப்பகுதியின் பள்ளத்தில் உள்ள தேய்மான மேடுகள் மேற்பரப்புக்குச் சமமாகிவிட்டனவா என்று பாருங்கள்.

செயின்

இந்தப் பொழுதுபோக்கில் அதிக நேரம் தரையில் உட்காரவைப்பது செயின்தான். செயினுக்குப் பதில் சுழலும் தண்டால் பின்சக்கரத்தை இயக்கும் கார்டன் டிரைவ் உள்ள வண்டிக்காரர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிச் செல்லலாம். பின்சக்கரத்தில் உள்ள கடைசி கியர்பெட்டியின் ஆயிலைக் கையேடு சொல்லும் தூரத்தில் மாற்றுவது மட்டும் அவர்கள் வேலை.

இன்றைய செயின்களில் பெரும்பாலானவற்றின் தகடுகளுக்கிடையே சிறிய ரப்பர் வளையங்கள் உள்ளன. தொழிற்சாலையில் அடைத்த கிரீஸை உள்ளே பூட்டிவைப்பது அந்த வளையங்களே. நாம் வெளியே அடிக்கும் லூப் எனும் மசகு எண்ணெய், உருளைகள் பல்சக்கரத்தில் உரசாமலும், வளையங்கள் காய்ந்து வெடிக்காமலும், துரு ஏறாமலும் காக்கிறது. ஆகவே பெட்ரோலை ஊற்றியோ கம்பி பிரஷ்ஷால் தேய்த்தோ செயினைக் கழுவுபவர், அதன் ஆயுளைத் தன் கையாலேயே குறைக்கிறார். மண்ணெண்ணெயும் மென்மையான பிரஷ்ஷும் போதும். சக்கரத்தைக் கையால்தான் சுழற்ற வேண்டும். இன்ஜினைக் கியரில் ஓடவிட்டுத் துணியைச் செயினில் பிடிப்பது விரைவாகத் தோன்றும். செயினுக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவே துணியோடு விரலும் போய்விடும் என்பதால் அதைச் செய்யவே கூடாது.

லூப் அடிக்க ஏற்ற நேரம், ஓட்டி வந்து நிறுத்திய உடனே. செயின் சூடாக இருப்பதால் லூப் இடுக்குகளுக்குள் இறங்கும். கீழ்ப்பக்கச் செயினின் உட்புறத்தில், வளையங்கள் இருக்கும் இரண்டு ஓரங்களிலும் மெல்லிய கோடாக அடித்து, இரவு முழுவதும் ஊறவிட்டு, காலையில் மிஞ்சியதைத் துடைத்துவிடுங்கள். சுமார் 500 கி.மீ.க்கு ஒருமுறையும், மழையில் நனைந்த ஒவ்வொரு நாளும் இதைச் செய்தால் போதும்.

தொய்வைப் பார்ப்பதில் பலர் ஒரு படியை விட்டுவிடுகிறார்கள். பழைய செயின் எல்லா இடத்திலும் ஒரே அளவு நீண்டிருக்காது. கீழ்ப்பக்கச் செயினின் நடுவில் ஸ்கேலை வைத்து, விரலால் மேலும் கீழும் தள்ளி அளந்து, சக்கரத்தைக் கால்வட்டம் சுழற்றி மறுபடியும் அளந்துபாருங்கள். என் வண்டியில் ஒரே செயின் ஓரிடத்தில் 38 மி.மீ. தொய்வும், இன்னோர் இடத்தில் 27 மி.மீ. தொய்வும் காட்டியது. அதிகத் தொய்வுள்ள இடத்தை வைத்து இறுக்கியிருந்தால், இறுக்கமான இடம் வரும்போதெல்லாம் கியர்பெட்டியின் பேரிங்கை அது இழுத்திருக்கும். சரிசெய்ய வேண்டியது எப்போதும் இறுக்கமான இடத்தில்தான். சாலை வண்டிகளுக்குப் பொதுவாக 25 முதல் 35 மி.மீ. வரை சொல்வார்கள், நீண்ட சஸ்பென்ஷன் உள்ள அட்வென்ச்சர் வகை வண்டிகளுக்கு இது கூடும். சைடு ஸ்டாண்டில் அளப்பதா, சென்டர் ஸ்டாண்டில் அளப்பதா என்பதையும் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே எண்ணைத் தராது.

பின் பல்சக்கரத்தின் கடைசியில், கடிகாரத்தின் மூன்று மணி முள் இருக்கும் இடத்தில் செயினைப் பிடித்துப் பின்னோக்கி இழுத்துப்பாருங்கள். பல்லின் பாதிக்கு மேல் வெளியே தெரிந்தால் செயினின் காலம் முடிந்துவிட்டது. அப்போது செயினையும் இரண்டு பல்சக்கரங்களையும் சேர்த்தே மாற்றுங்கள். தேய்ந்த பல்லின் மீது ஓடும் புதுச் செயின் சீக்கிரமே பழைய செயினாகிவிடும்.

இந்தச் சமயத்தில் முன் பல்சக்கரத்தில் ஒரு பல்லைக் கூட்டலாமா என்ற ஆசை வரும். 15 பல்லுக்குப் பதில் 16 போட்டால், முன்பு 5000 சுழற்சியில் போன அதே வேகத்துக்குச் சுமார் 4690 சுழற்சி போதும். நெடுஞ்சாலையில் அதிர்வு குறையும். பதிலாக, பாரத்தோடு மேட்டில் கிளம்பும்போது கிளட்ச் அதிகம் வழுக்க வேண்டிவரும். மலைப்பாதைகளில் பெட்டிகளோடு சுற்றுபவருக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆயிலும் பிரேக்கும்

பெரும்பாலான பைக்குகளில் இன்ஜின், கியர்பெட்டி, கிளட்ச் மூன்றும் ஒரே ஆயிலில் மூழ்கியிருக்கின்றன. காருக்கான ஆயில் சிலவற்றில் உராய்வைக் குறைக்கும் பொருட்கள் சேர்க்கப்பட்டிருப்பதால் கிளட்ச் வழுக்கத் தொடங்கும். டப்பாவில் ஜாசோ எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்ற குறியீடு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஆயில் வடிக்கும் போல்ட்டின் வாஷரை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போட்டு, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் கையேடு சொல்லும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். அலுமினிய இன்ஜின் அடிப்பகுதியில் மரை கழன்றுபோவதற்கு "இன்னும் கொஞ்சம்" என்று கொடுக்கும் அந்தக் கடைசி அரைச்சுற்றுதான் காரணமாகிறது.

வால்வு இடைவெளியைப் பற்றி ஒன்று: சத்தம் போடும் வால்வைப் பார்த்துப் பயப்படுபவர்கள், சத்தமே இல்லாத வால்வைப் பார்த்து மகிழ்கிறார்கள். இடைவெளி குறைந்து இறுகிய வால்வு அமைதியாகத்தான் இருக்கும். சரியாக மூடாமல் எரிந்துபோவதும் அதுதான். எனவே காதை நம்பாமல், கையேடு சொல்லும் தூரத்தில் அளந்துபார்க்கச் செய்யுங்கள்.

டாட் 4 வகைப் பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. இந்த வகைக்கு விதிக்கப்பட்ட குறைந்தபட்சக் கொதிநிலை, புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறிய நிலையில் 155 டிகிரி. முழுப் பாரத்தோடு நீண்ட மலை இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வரும்போது இந்த வித்தியாசம் லீவரில் தெரியும்: ஆயில் கொதித்து ஆவியானால் லீவர் பஞ்சு போல அமுங்கிவிடும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். டாட் 5 என்பது சிலிக்கோன் வகை. பெயரில் அடுத்த எண் என்பதற்காக டாட் 4 உள்ள வண்டியில் அதை ஊற்றக் கூடாது. பிரேக் ஆயில் பெயின்ட்டை உரித்துவிடும் என்பதால் டேங்க்கின் மேல் ஈரத்துணியைப் போர்த்திக்கொண்டு வேலை செய்யுங்கள்.

மின்சாரம்: கணக்குப் போட்டபின் வயர்

கூடுதல் விளக்கு, சூடேறும் கிரிப், போன் சார்ஜர் என்று ஒவ்வொன்றும் தனியே பார்த்தால் சிறியதாகத் தோன்றும். ஆல்டர்னேட்டர் 300 வாட் தருகிறது, வண்டி தன் பற்றவைப்பு, பெட்ரோல் பம்ப், விளக்குகளுக்கு 200 வாட் எடுத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொண்டால், நமக்கு மிஞ்சுவது 100 வாட். 20 வாட் விளக்குகள் இரண்டு, 35 வாட் கிரிப், 15 வாட் சார்ஜர் சேர்ந்தால் 90 ஆகிவிட்டது. அந்த 300 வாட்டும் இன்ஜின் வேகமாகச் சுழலும்போதுதான் கிடைக்கும். நெரிசலில் ஐடிலிங்கில் நிற்கும்போது மீதியைப் பேட்டரி தருகிறது. எல்லாவற்றையும் போட்டுவிட்டு, 4000 சுழற்சியில் பேட்டரி முனைகளில் மல்டிமீட்டரை வைத்துப்பாருங்கள். 13.5 முதல் 14.5 வோல்ட் இருந்தால் கவலையில்லை. 13க்குக் கீழே போனால் எதையாவது அணைத்துத்தான் ஓட்ட வேண்டும்.

கூடுதல் விளக்குக்கு, சிறிய மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைப் போட்டு அணைக்கும் ஸ்விட்சான ரிலே அவசியம். ரிலேயின் 30 என்ற முனைக்குப் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக வயர் வரும்; 87இலிருந்து விளக்குக்குச் செல்லும்; 86க்குச் சாவி போட்டால் மட்டும் உயிர்பெறும் ஒரு வயரிலிருந்து ஸ்விட்ச் வழியாக இணைப்பு; 85 எர்த். இப்படிச் செய்தால் சாவியை எடுத்ததும் விளக்கு தானாக அணைந்துவிடும். 40 வாட் என்பது சுமார் 3.3 ஆம்பியர் என்பதால் 5 ஆம்பியர் ஃபியூஸ் போதும். அந்த ஃபியூஸ் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும், ஏனெனில் அது காப்பது வயரை. விளக்கின் அருகில் வைத்தால் பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் இடைப்பட்ட வயர் காப்பின்றிக் கிடக்கும். இணைப்புகளில் ஈயம் பற்றவைப்பதைவிட, சரியான இடுக்கியால் முனையை நெரித்து, மேலே சூட்டில் சுருங்கும் குழாயைப் போடுவதே நல்லது. பற்றவைத்த இடம் விறைத்து, அதன் ஓரத்தில் வயர் அதிர்வினால் முறிந்துவிடும். சுற்றுகளைக் கணினி கண்காணிக்கும் புதிய வண்டிகளில் வயரைக் கீறி இணைக்காமல், நிறுவனமே விட்டுவைத்துள்ள துணைக்கருவி இணைப்பைத் தேடிப் பயன்படுத்துங்கள்.

வயர் செல்லும் பாதைதான் முக்கியம் என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு மழை இரவு. கூடுதல் விளக்கு திடீரென்று அணைந்தது, ஃபியூஸ் போயிருந்தது. புதிதாகப் போட்டதும் எரிந்தது, ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் போயிற்று. மூன்றாவது முறைதான், இரண்டு தடவையும் இடப்பக்கம் கூர்மையாகத் திரும்பி நிறுத்திய இடத்தில் அது நடந்தது என்று உறைத்தது. மறுநாள் டேங்க்கைக் கழற்றிப்பார்த்தால், ஹேண்டில்பாரின் இடது எல்லையில் ஃபோர்க்குக்கும் ஃபிரேமுக்கும் நடுவே வயர் நசுங்கி, மேலுறை அரிசிமணி அளவுக்குத் தேய்ந்து செம்பு தெரிந்தது. அன்று முதல், எந்த வயரைக் கட்டினாலும் முதலில் பாதையில் போட்டு, ஹேண்டில்பாரை இரு எல்லைகளுக்கும் திருப்பி, ஃபோர்க்கை அமுக்கி, எங்கும் இழுபடாமலும் நசுங்காமலும் இருப்பதைப் பார்த்த பிறகே டையை இறுக்குகிறேன்.

பெட்டியும் காற்றும்

பெட்டி வாங்கும் முன் ஒரு கழித்தல் கணக்குப் போடுங்கள். வண்டியின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 410 கிலோ, பெட்ரோலோடு வண்டியின் எடை 220 கிலோ என்றால் மீதி 190. இருவர் உடைகளோடு 150. எஞ்சிய 40 கிலோவில், வெறும் அலுமினியப் பெட்டிகளும் அவற்றைத் தாங்கும் சட்டமுமே 16 கிலோ எடுத்துக்கொண்டால், சாமானுக்கு இருப்பது 24 கிலோ. துணிப்பைகளுக்கு நான் மாறியதற்கு இந்தக் கணக்குதான் காரணம். கனமானவற்றைத் தாழ்வாகவும் முன்னோக்கியும் வையுங்கள். பின்சக்கர அச்சுக்கும் பின்னால் உயரத்தில் நிற்கும் மேல்பெட்டி நெம்புகோல் போல வேலைசெய்து முன்சக்கரத்தின் பாரத்தைக் குறைக்கிறது. அதில் மழையுடையும் கையுறையும் போதும், கருவிகள் வேண்டாம். பக்கப்பெட்டிகள் இரண்டையும் வீட்டுத் தராசில் நிறுத்துச் சமமாக்குங்கள்.

விண்ட்ஸ்கிரீனில், உயரமானதுதான் நல்லது என்பது தவறான எண்ணம். ஹெல்மெட்டை உலுக்குவது பெரும்பாலும் ஸ்கிரீனின் விளிம்பில் பிறக்கும் சுழற்காற்று. சிலருக்குச் சற்றுக் குட்டையான ஸ்கிரீன், நேரான காற்றை ஹெல்மெட்டில் படவிட்டு உலுக்கலை நிறுத்திவிடும். வாங்கும் முன் நேரான, வெறிச்சோடிய சாலையில் சீட்டில் சற்றே எழுந்தும், பிறகு குனிந்தும் ஓட்டிப்பாருங்கள். எழும்போது உலுக்கல் அடங்கினால் குட்டை ஸ்கிரீன், குனியும்போது அடங்கினால் உயர ஸ்கிரீன். எதைப் போட்டாலும் காதடைப்பான் வேண்டும். நெடுஞ்சாலை வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் வரும் காற்றின் இரைச்சல் செவித்திறனைக் குறைக்கக்கூடியது.

உரிமையாளர்கள் தாமாகச் செய்ததைப் பின்னர் தொழிற்சாலைகள் கற்றுக்கொண்டதும் உண்டு. 1975ஆம் ஆண்டு மாடலாக விற்பனைக்கு வந்த ஹோண்டா கோல்டுவிங்கில் காற்றைத் தடுக்கும் முன்னுறையான ஃபேரிங்கும் இல்லை, பெட்டியும் இல்லை. வாங்கியவர்கள் கிரெய்க் வெட்டர் வடிவமைத்த விண்ட்ஜாமர் போன்ற ஃபேரிங்குகளைத் தனியே வாங்கிப் பொருத்திக்கொண்டார்கள். 1980இல் தான் ஹோண்டா அவற்றைத் தானே பொருத்திய இன்டர்ஸ்டேட் மாடலைக் கொண்டுவந்தது.

கிராஷ் கார்டைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை: இன்ஜினின் உறுதியான தாங்குபோல்ட்டுகளில் பொருந்துவதாகவும், ஆயில் மாற்றும்போது கழற்ற வேண்டாததாகவும் தேர்ந்தெடுங்கள். விளக்கு, சைலன்சர், எண் பலகை ஆகியவற்றை மாற்றும் முன் உங்கள் பகுதியின் சட்டத்தையும் காப்பீட்டு நிபந்தனைகளையும் படித்துவிடுங்கள்.

கருவிப்பை, சோதனை ஓட்டம்

பயணத்தில் எந்தக் கருவிகளை எடுத்துச்செல்வது என்பதை முடிவுசெய்ய எனக்குத் தெரிந்த ஒரே நேர்மையான வழி, வீட்டில் செய்யும் சிறுவேலைகளை எல்லாம் சில மாதங்களுக்குப் பயணக் கருவிப்பையில் உள்ளவற்றை மட்டும் வைத்துச் செய்வது. அலமாரியிலிருந்து எதை எடுக்க எழுந்தீர்களோ, அது பைக்குள் போக வேண்டும். ஒருமுறைகூடத் தொடாதது வெளியே வர வேண்டும். டியூப் இல்லாத டயரென்றால் பஞ்சர் திரிகளும் சிறு பம்ப்பும். டியூப் உள்ள டயரென்றால் டியூபும் டயர் நெம்பிகளும், கூடவே சக்கர அச்சு நட்டின் அளவுக்கு ஸ்பேனரும்.

அதிர்வால் தளரக்கூடிய இடங்களில், பெட்டிச் சட்டத்தின் போல்ட்டுகளுக்கு முதன்மையாக, மரையைப் பிடித்துவைக்கும் பசையான நீல நிறத் திரெட் லாக்கரை ஒரு சொட்டு விடுங்கள். சிவப்பு வேண்டாம், பிறகு சூடாக்கித்தான் கழற்ற முடியும். சரியான அளவுக்கு இறுக்கியபின், போல்ட்டின் தலையிலிருந்து அது அமர்ந்த தகடுவரை பெயின்ட் பேனாவால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். போல்ட் சிறிது தளர்ந்தாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். ஸ்பேனர் இல்லாமலே கண்ணால் பார்த்துவிடலாம்.

நீண்ட பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு, எல்லாச் சாமான்களையும் ஏற்றி 150 அல்லது 200 கி.மீ. ஓட்டிவாருங்கள். கிளம்பும் நாளுக்கு முந்திய இரவில் எந்தப் புதுப்பொருளையும் பொருத்தாதீர்கள். திரும்பி வந்ததும் வண்டியை நிறுத்தி, சூடு அடங்கும்வரை காத்திருந்து, டார்ச்சை எடுத்துக்கொண்டு முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம்வரை ஒரு சுற்று வாருங்கள்: கோடு உடைந்த போல்ட் எது, பை உரசிய இடம் எது, வயரின் மேலுறை பளபளக்கும் இடம் எது, ஃபோர்க் குழாயில் ஆயில் கசிந்த வளையம் தெரிகிறதா, செயினின் தொய்வு எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்த்து, அன்றைய ஓடிய தூரத்தோடு நோட்டில் எழுதுங்கள். சரிசெய்வதற்கு இன்னும் ஆறு நாட்கள் இருக்கின்றன.